நாம் விடும் நீர் எங்கே போகிறது?

பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், கோடைக்காலமாயின் பேச்சு எப்படியும் காவிரியை வந்து தொட்டுவிடும். எத்தனை கன அடி வந்தது, எத்தனை கன அடி வரவில்லை, நியாயம் யார் பக்கம் என்று வழக்காடுவோம். நீரின் அளவைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், நீரின் தன்மையைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. இதற்குக் காரணம் உண்டு. அளவு குறைந்தால் அணையில் நட்டிருக்கும் அளவுகோல் சொல்லிவிடும். தன்மை கெட்டாலோ பல வேளைகளில் கண்ணுக்கே தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மனிதர் செய்யும் செயல்கள் அந்த ஆற்றின் நீரை எவ்வாறு மாற்றுகின்றன? நாம் குடியிருக்கும் இந்நகரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் முதுகலை வகுப்பில் வேதியியல் பயில்பவன். ஆதலின் வேதியியல் சற்று மிகுதியாக வந்தால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலக்கியமும் வரலாறும் பயில்வோருக்கும் விளங்க வேண்டும் என்பதை மறவாமலே எழுதுகிறேன்.

கூரையும் முகடும்

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே முகடு, இருபுறமும் சரிவு. முகட்டின் மேல் விழும் இரண்டு மழைத்துளிகள் ஒரு விரல் இடைவெளியில் விழுந்தாலும், ஒன்று வாசல் பக்கமும் மற்றொன்று கொல்லைப் பக்கமும் ஓடிவிடும். நிலமும் அப்படித்தான். ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ நீரைத் தரும் சரிவு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஒரு பகுதியை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் மேடே அதன் முகடு.

பெங்களூர் நகரம் அத்தகைய முகட்டின் மேல் அமைந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஆறு எதுவும் நகரத்தின் நடுவே ஓடவில்லை. ஆனால் இங்கே விழும் மழை இரு பெரும் ஆறுகளுக்குப் போகிறது. மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து, கனகபுரத்திற்குத் தெற்கே சங்கமம் என்னும் இடத்தில் காவிரியில் கலக்கிறது. கிழக்குச் சரிவின் நீர் கோரமங்கலம், செல்லகட்டா, எப்பாள் முதலிய பள்ளத்தாக்குகளின் வழியே ஏரி ஏரியாக இறங்கி, கன்னடத்தார் தட்சிண பினாகினி என்று அழைக்கும் ஆற்றைச் சேர்கிறது. அதுவே நம் தென்பெண்ணை. நந்தி மலையில் பிறக்கும் அந்த ஆறு, ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை நிரப்பி, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து, திருக்கோவலூரைத் தொட்டு, கடலூர் அருகே கடலில் சேர்கிறது.

ஆகவே முகட்டின் எந்தப் பக்கத்தில் நாம் வாளியைக் கவிழ்த்தாலும், அந்த நீர் போகும் திசை தமிழ்நாடுதான். நம் கூரையின் இருபுறத்து நீரும் நம் உறவினர் முற்றத்தில் போய் விழுகிறது.

மேலே ஏறி வரும் காவிரி

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. இந்நகரம் குடிப்பது பெரும்பாலும் காவிரி நீரை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் வரை அதை எந்திரங்களால் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் முதற்கட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்ட பின், நாளொன்றுக்கு 222 கோடி லிட்டருக்கு மேல் கொண்டுவர வழி ஏற்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வரும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியலார் வகுத்த பொதுக் கணக்கு. வழியில் கசிந்து போவதை எவ்வளவு தாராளமாகத் தள்ளினாலும், நாள்தோறும் நூறு கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீர் இந்நகரிலிருந்து இறங்குகிறது. அதில் பெரும்பகுதி இறங்குவது கிழக்குச் சரிவில். அதாவது, காவிரியிலிருந்து எடுத்த நீரை நாம் பெண்ணையாற்றில் விடுகிறோம்! நடுவர் மன்றம் எதுவும் ஆணையிடாமலே, இரண்டு ஆறுகளை நம் குளியலறைகள் இணைத்து வைத்திருக்கின்றன. மழைக்காலத்தில் மட்டும் ஓடிய பல ஓடைகள் இன்று ஆண்டு முழுவதும் ஓடுவதற்குக் காரணம் மழையன்று, நாமே.

நீரும் மூச்சு விடும்

இனி, நீர் எவ்வாறு கெடுகிறது என்பதைக் காண்போம்.

நீருக்குள் வாழும் மீனும் நண்டும் நுண்ணுயிரும் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டே உயிர் வாழ்கின்றன. அது மிகச் சிறிய அளவு. பெங்களூரின் உயரத்தில், 25 பாகை வெப்பத்தில், ஒரு லிட்டர் தூய நீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் ஏந்தி நிற்கும். மீன்கள் நலமாக வாழ ஐந்து மில்லிகிராமாவது வேண்டும்.

கழிவுநீர் கலந்தால் என்ன ஆகிறது? மலம், உணவுத் துணுக்கு, சோப்பு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கின்றன. சிதைப்பதற்குப் பிராணவாயு தேவை. தூய்மை செய்யப்படாத ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கை ஐந்து நாளில் சிதைக்க ஏறத்தாழ 250 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். ஆற்று நீர் தரக்கூடிய உபரியோ, மீனுக்கு வேண்டிய ஐந்தை ஒதுக்கிவிட்டால், லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள். ஒரு வாளிக் கழிவுநீரைத் தாங்க நூறு வாளி நல்ல நீர் வேண்டும். ஓடும் ஆறு காற்றிலிருந்து பிராணவாயுவைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பதால் இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் கழிவுநீரே ஆறாக ஓடும் இடத்தில் அந்த நூறு வாளிக்கு எங்கே போவது?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் முறை எளிது, அழகும் உடையது. விங்க்ளர் என்னும் ஹங்கேரிய வேதியியலார் 1888ஆம் ஆண்டில் வெளியிட்டது. நீர் நிறைந்த புட்டியில் மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால், பிராணவாயு இருக்குமாயின் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும். இல்லையாயின் வெள்ளையாகவே நிற்கும். சென்ற பருவத்தில் நாங்கள் குழாய் நீரில் ஒரு புட்டியும், நகரின் கிழக்குச் சரிவில் ஓடும் ஒரு வாய்க்காலில் ஒரு புட்டியும் எடுத்து வந்து சோதித்தோம். குழாய் நீர் நொடியில் காப்பி நிறம் கொண்டது. வாய்க்கால் நீர் பால் போல் வெள்ளையாக நின்றது. மீன் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அந்த வெள்ளை நிறமே விடை.

நுரையும் நெருப்பும்

2015ஆம் ஆண்டில் பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் உலகச் செய்தியாயின. கலிங்கிலிருந்து எழுந்த வெண்ணுரை காற்றில் பறந்து சாலையில் போவோர் மேல் விழுந்தது. அதே ஆண்டிலும், மறுபடி 2017, 2018ஆம் ஆண்டுகளிலும் பெல்லந்தூர் ஏரிப் பரப்பில் தீப்பற்றியது. நீர் எரிவது எங்ஙனம் என்று நண்பர் பலர் என்னைக் கேட்டதுண்டு.

நுரையை முதலில் பார்ப்போம். சலவைத்தூளின் மூலக்கூறு ஒரு தலையும் ஒரு வாலும் உடையது. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுத்து எண்ணெயையும் காற்றையும் நாடும். அதனால்தான் அது அழுக்கைப் பற்றி இழுக்கிறது. அதே இயல்பால், நீரும் காற்றும் மோதும் இடத்தில் குமிழியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை உடையாமல் காக்கிறது. கலிங்கில் நீர் விழும்போது காற்று உள்ளே புகுந்து குமிழி பெருகுகிறது. ஏரியில் தூங்கிய சலவைத்தூள் கலிங்கில் விழித்துக்கொள்கிறது.

இன்றைய சலவைத்தூளில் உள்ள பொருளை நுண்ணுயிர்கள் தின்றுவிடும் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். 1950களில் மேனாட்டு ஆறுகளிலும் இவ்வாறே நுரை பொங்கியது. கிளைத்த வால் உடைய பழைய பொருளை நுண்ணுயிர்களால் சிதைக்க முடியவில்லை என்று கண்டு, 1960களில் நேரான வால் உடைய பொருளுக்கு மாறினார்கள். நாம் இன்று பயன்படுத்துவதும் அதுவே. ஆனால் அதைச் சிதைக்கவும் பிராணவாயு வேண்டும். வெள்ளைப் புட்டியை நினைவுகூருங்கள். பிராணவாயு அற்ற நீரில் அது சிதையாமல் பல கல் தொலைவு பயணம் செய்கிறது. ஒரு கேடு மற்றொரு கேட்டுக்கு வழிவிடுகிறது.

சலவைத்தூளில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டின் தீங்கு வேறு வகை. அது நஞ்சன்று, உரம். ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாசியை வளர்க்கும். பாசியும் ஆகாயத்தாமரையும் ஏரியை மூடுகின்றன. மூடிய ஏரியில் வெயிலும் காற்றும் நுழைவதில்லை. அவை மடிந்து அடியில் படிந்து, பிராணவாயு இன்றி அழுகும்போது மீத்தேன் வாயு எழுகிறது. மேலே காய்ந்த புல்லும் கொட்டிய குப்பையும். கீழே எரியும் வாயு. ஒரு பொறி போதாதா? எரிந்தது நீரன்று, நீரின் மேல் நாம் அடுக்கிய விறகு.

கண்ணுக்குத் தெரியாதவை

நுரை தெரிகிறது; நாற்றம் தெரிகிறது. இவற்றைவிடக் கொடியவை நிறமும் மணமும் இல்லாமல் வருகின்றன.

மலக்கழிவிலும் வயலில் மிகுதியாக இடும் யூரியாவிலும் உள்ள நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாய்கிறது. நைட்ரேட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நீர் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும்.

உலோகங்கள் இன்னும் பிடிவாதமானவை. முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து குரோமியமும் நிக்கலும், பழைய மின்கலங்களிலிருந்து காரீயமும் காட்மியமும் வருகின்றன. மலத்தை நுண்ணுயிர் தின்று தீர்க்கும். உலோகத்தைத் தின்று தீர்க்கும் உயிர் உலகில் இல்லை. அது ஏரியின் சேற்றில் படிந்து காத்திருக்கும். பின் பாசனத்தோடு வயலுக்கு ஏறும். காட்மியம் போன்றவற்றைக் கீரை தன் இலையில் சேர்த்துக்கொள்ளும். நகரின் மேற்கே பீன்யா தொழிற்பேட்டையைச் சுற்றிய நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். குடிநீரில் அதற்கு இடப்பட்ட எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை நாக்கோ மூக்கோ காட்டிக்கொடுப்பதில்லை.

மண்ணை மூடினால்

நீரில் எதையும் கொட்டாமலே நீரைக் கெடுக்கவும் முடியும். மண்ணை மூடினால் போதும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர். புல்வெளியாயின் பெரும்பகுதி மண்ணில் இறங்கி வடிகட்டப்பட்டு மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும். சிமெண்டுத் தளமாயின் ஏறக்குறைய முழுவதும் உடனே ஓடும். தெருவில் சிந்திய எண்ணெயையும் சக்கரம் தேய்த்த தூளையும் குப்பையையும் கழுவிக்கொண்டு ஓடும். முதல் மழையின் நீர் மிகவும் அழுக்காக இருப்பது இதனால்தான்.

பழைய காலத்தார் இந்த முகட்டு நிலத்தில் ஆறு இல்லாத குறையை ஏரிகளால் தீர்த்தனர். ஒன்றின் கலிங்கு நீர் அடுத்ததை நிரப்புமாறு ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தனர். ஏரிகளை இணைக்கும் வாய்க்காலுக்கு இன்றும் ராஜகாலுவே என்று பெயர். ஒவ்வோர் ஏரியிலும் நீர் சில நாள் தங்கும், வண்டல் படியும், வெயில் படும். சங்கிலி முழுவதுமே ஒரு வடிகட்டி. இன்று நாம் ஊருக்குப் போக வண்டி ஏறும் கெம்பே கௌடா பேருந்து நிலையம், தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கு, சம்பங்கி ஏரி இருந்த இடம். சங்கிலியின் கண்ணிகள் பல அறுந்தன. எஞ்சியவை சாக்கடையைத் தேக்கும் தொட்டிகளாயின.

அணைக்குக் கீழே

இந்நீர் போய்ச் சேரும் இடத்தை நான் அறிவேன். என் தந்தையார் ஒசூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்குக் குடிபெயர்ந்தவர். என் தாய்மாமன் இன்றும் அங்கே கெலவரப்பள்ளிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பயிர் செய்கிறார். தக்காளியும் முட்டைக்கோசும் சிறிது ரோசாவும் உண்டு. அணையில் நீர் திறக்கும்போது நுரை மலைபோல் எழுவதைப் பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்ற பொங்கலுக்குப் போனபோது மாமாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

“வராம இருந்தா பயிர் காயுது மாப்ளே. வந்தா கால் அரிக்குது. வேணாம்னு சொல்லவும் முடியல, வாங்கன்னு சொல்லவும் முடியல” என்றார்.

அவர் கூறியதில் ஒரு வேதியியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. அந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி; பயிர் தழைக்கும்; உரச்செலவு குறையும். ஆனால் கிருமியும் உப்பும் உலோகமும் கூடவே வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல மண்ணில் உப்பு ஏறும், கிணறு மாறும். மேற்குச் சரிவில் விருஷபாவதி நீரைத் தேக்கும் பைரமங்கலம் ஏரியின் கீழ்ப் பயிர் செய்யும் கன்னட உழவர் நிலையும் இதுவே. நுரைக்கு மாநில எல்லை தெரியாது, மொழியும் தெரியாது. ஆகவே இதை அவர்கள் நமக்குச் செய்த கேடு என்று சொல்லிவிட முடியாது. இந்நகரில் ஒரு வாளி நீரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும், நானும் நீங்களும் உட்பட, மேட்டில் இருப்பவர்கள். பள்ளத்தில் இருப்பவர்கள் இரு மொழியிலும் இருக்கிறார்கள்.

தீர்வு உண்டா?

உண்டு, அது மாயமன்று. கழிவுநீரைத் தூய்மை செய்வது, ஆறு பல கல் தூரத்தில் செய்யும் வேலையைத் தொட்டிக்குள் சில மணி நேரத்தில் செய்வதுதான். முதல் நிலையில் மண்ணும் குப்பையும் படியும். இரண்டாம் நிலையில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கினால் அழுக்கு சிதையும். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பெருமளவு நீங்க மூன்றாம் நிலையும் வேண்டும். பல நிலையங்கள் இரண்டாம் நிலையோடு நின்றுவிடுகின்றன. வாய்க்காலில் நேராக விழும் கழிவுநீரோ எந்த நிலையத்தையும் காண்பதில்லை.

2017ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெல்லந்தூர் ஏரி வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது. அதன் பின் ஏரியைத் தூர்வாரும் பணி தொடங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு முதல் கோரமங்கலப் பள்ளத்தாக்கின் கழிவுநீர், இரண்டாம் நிலை வரை தூய்மை செய்யப்பட்டு, வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது. வற்றிய கிணறுகளில் நீர் ஊறியதாக மகிழ்வோரும் உண்டு. மூன்றாம் நிலை இன்றி விடுவதால் வரும் விளைவை எண்ணி அஞ்சுவோரும் உண்டு. இருசாராருக்கும் காரணம் இருக்கிறது என்பதை மேலே கூறிய வேதியியல் காட்டும்.

நிலையங்களைக் கட்டுவது அரசின் கடமை. நம் கையில் இருப்பவை சிறியவை, ஆனால் உண்மையானவை. பாஸ்பேட் இல்லாத சலவைத்தூள் கடையில் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டை 2013ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்திவிட்டது. ஆடைகள் அங்கே அழுக்காகிவிடவில்லை. நுரை மிகுந்தால் வெளுப்பு மிகும் என்ற எண்ணமும் தவறு. அளவுக்கு மேல் போடும் தூள் துணியில் வேலை செய்யாமல் வாய்க்காலுக்கே போகிறது. பழைய மின்கலம், மீந்த மருந்து, எண்ணெய் ஆகியவற்றைத் தொட்டியில் கொட்டாதிருக்கலாம்.

நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நம்மில் விடுதியில் இருப்போரும் உளர்; நகரின் பல மூலைகளில் அறை எடுத்துத் தங்குவோரும் உளர். ஒவ்வொருவரும் தாம் தங்கும் இடத்தின் கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, அது எந்தச் சரிவில் இறங்குகிறது, இடையில் தூய்மை நிலையம் உண்டா என்று கேட்டறிந்து எழுதித் தந்தால், ஓராண்டில் ஒரு வரைபடம் ஆகிவிடும். நீரைச் சோதிக்கும் பொறுப்பை வேதியியல் மாணவர்கள் நாங்கள் ஏற்கிறோம். புட்டிகளும் மாங்கனீசு உப்பும் எங்களிடம் இருக்கின்றன. கன்னட நண்பர்களையும் கூட்டிக்கொள்வோம். பைரமங்கலம் அவர்களுக்கு அருகில்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். காவிரியில் எத்தனை கன அடி வந்தது என்று இனியும் கேட்போம், கேட்க வேண்டியதுதான். அதோடு, நாம் விட்ட வாளி நீரில் எத்தனை மில்லிகிராம் பிராணவாயு மிஞ்சியது என்றும் கேட்கப் பழகுவோம். முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் பிறர். இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியவர் நாம்.